காய்ச்சல் கண்ட ஃபிரிஜ்

"நாலு நாளா வாறன் வாறன் எண்டு செல்லி... இதா வாற நேரம்?"

கதவைத் திறந்ததும் ஸுஹைறா கேட்ட முதல் கேள்வி அது. வந்தவன் ஸலாம் சொல்லக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

வாசலில் நின்றவன் முழுக்க நனைந்திருந்தான். மழைக்கோட்டு பேருக்குத்தான். தலையில் விழுந்த தண்ணீர் தாடி வழியாக இறங்கிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. கையில் ஒரு கருவிப் பை. அதை மட்டும் பொலித்தீனால் சுற்றி ஈரம் படாமல் காப்பாற்றியிருந்தான்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றான் அவன் நிதானமாக.

வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வரும் கமீலா மாமி உள்ளே விரிப்பு மடித்துக்கொண்டே களுக்கென்று சிரித்துவிட்டாள். ஸுஹைறாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே!

"மிஸ், காரைதீவுச் சந்தியில முழங்கால் தண்ணி. சாய்ந்தமருதில என்ட கடைக்குள்ளயும் வெள்ளம். நான் நீந்தி வந்த மாதிரித்தான் வந்த. ஏசுறதெண்டா உள்ளுக்கு வந்து நிண்டு ஏச்சு வாங்கட்டா?"

வழிவிட்டாள். வேறு என்ன செய்ய?

அவளைக் குறை சொல்லவும் முடியாது. மாரி தொடங்கிவிட்டால் நிந்தவூர்க் கடற்கரையில் இருக்கிற அந்த விடுமுறை வீட்டில் வேலை இரட்டிப்பு. இரண்டு நாள் வாடகைக்கு வந்து தங்கிப் போகிறவர்களின் விரிப்புகள் காயாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னல் கதவு ஊறிப்போய் மூட மறுக்கும். இத்தனைக்கும் மேலே ஃபிரிஜ் வேறு படுத்துக்கொண்டது. நாளைக்கு மாவனெல்லையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அந்த வீட்டுப் பெண் போனில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டாள்... வாப்பாவின் இன்சுலின் வைக்க ஃபிரிஜ் இருக்கிறதுதானே? இவளும் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பொய்யில்லை. இருக்கிறது. குளிரத்தான் இல்லை.

"எங்க கிடக்கு நோயாளி?" என்றான் அவன். கடைப் பெயர்ப்பலகையிலும் அவன் சட்டைப் பையிலும் 'அப்ராஸ்' என்று இருந்தது. பழுது பார்க்கிற கைவேலைக்காரர் எல்லாரும் ஊரில் 'பாஸ்'தான். இவன் ஃபிரிஜ் பாஸ்.

குசினிச் சுவரில் அதற்கென்றே விட்ட மாடத்துக்குள் ஃபிரிஜ் நின்றது. சும்மா நிற்கவில்லை, உடுத்திக்கொண்டு நின்றது. மேலே ரேந்தைப் பின்னல் கரை வைத்துத் தைத்த தடித்த உறை. உறைக்குள்ளே கடையிலிருந்து வந்த அதே பொலித்தீன். சுவரில் உரசாமல் இரண்டு பக்கமும் செருகிய வெள்ளை ரெஜிபோம் நுரைப் பலகைகள், அடியிலும் ஒன்று.

அப்ராஸ் அதை மேலும் கீழும் பார்த்தான். பலகையை ஒதுக்கிப் பக்கவாட்டில் கை வைத்தான். உடனே கையை இழுத்துக்கொண்டான்.

"யா அல்லாஹ்... ஊருக்கெல்லாம் குளிர். இதுக்கு மட்டும் நூத்திநாலு காய்ச்சல்!"

"பகிடி விடாம என்ன வருத்தமெண்டு செல்லுங்க, பாஸ்."

"வருத்தம் இதுக்கில்ல, உடுப்புப் போட்டாக்களுக்கு. உள்ளுக்குள்ள இருக்கிற சூட்ட இது பக்கத்தாலதான் வெளிய விடும். நீங்க மூச்சு விட ஒரு இடமும் வெக்கல்ல. ஆரு இதுக்கு இவ்வளவு உடுத்தின?"

"எங்கட உம்மா."

"என்னத்துக்கு?"

ஸுஹைறா உறையின் ரேந்தையை நீவிவிட்டாள். பதில் சொன்னது கமீலா மாமி.

"அது சீதன சாமான் மகன். மாப்பிள வந்து பாக்கக்குள்ள புதுசா இரிக்க வேணாமா?"

"எப்ப வாங்கின?"

"அஞ்சு வருஷம் இரிக்கும்..."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

இந்தக் கரையில் வழக்கம் அதுதான். பெண்ணுக்கு வீடு கட்டி, கட்டில் முதல் கரண்டி வரை நிரப்பி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். டோஹாவில் வெயிலில் நின்று அவளுடைய அண்ணன், காக்கா, அனுப்பிய காசில் ஸுஹைறாவுக்காக எழும்பிய வீடு இது. நாள் குறித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் மேல்மாடியும் வேண்டும் என்றார்கள். அந்த மாதம் பார்த்துக் காக்காவுக்கு வேலை போயிருந்தது. மாப்பிள்ளை மேல்மாடி உள்ள வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடக்கிற வீடு பாழாகும் என்று அவள்தான் பின்னறையில் தங்கிக்கொண்டு விடுமுறைக்காரருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினாள். ஆனால் உம்மா மட்டும் ஃபிரிஜ்ஜின் உறையைக் கழற்ற விடவில்லை. இன்றைக்கு வராத மாப்பிள்ளை நாளைக்கு வருவார் அல்லவா?

வந்தார்கள்தான். எத்தனையோ பேர். எத்தனை அறை? மாபிளா, டைல்ஸா? கிணறு நல்ல தண்ணீரா? எல்லாம் கேட்டார்கள். ஸுஹைறாவுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், ஏன் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை... ஒருவருமே கேட்கவில்லை. முப்பத்தொரு வயதில் அவள் துஆவில் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்க்க ஒருத்தர் வரமாட்டாரா... ஒரே ஒருத்தர்?

அந்த வீடும் இனி அவளுடையது இல்லை. தங்கச்சி றுமானாவுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது. இன்னொரு வீடு கட்டக் காக்காவால் முடியாது. "உனக்கு ஒண்டும் சரிவருகுதில்லையே... றுமானாட பேருக்கு எழுதுவமா?" என்று போன மாதம் போனில் இழுத்தார். அவள் சரி என்றாள். சண்டை பிடிக்கக் களைப்பாக இருந்தது. தை பிறந்ததும் வீட்டு உறுதி எழுத்து. பிறகு நான் எங்கே இருப்பேன் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"இத உரிக்கட்டா, மிஸ்?"

நினைவு கலைந்து பார்த்தாள். பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு அனுமதிக்காகக் காத்திருந்தான்.

"உரிங்க."

சர்ரென்று கிழிந்து வந்தது. உள்ளே வேர்த்து, அந்த ஈரம் போக வழியில்லாமல், உப்புக் காற்றும் சேர்ந்து, கதவின் கீழ்ப்பாதி முழுக்கச் செந்துருவாய்க் கறள். புதிதாக இருக்கட்டும் என்று மூடி வைத்த சாமான்! ஒரு ஃபிரிஜ்ஜுக்காக யாராவது அழுவார்களா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சின்னக் கறள்தான்," என்றான் அவன். குரல் சட்டென்று தணிந்திருந்தது. "உரசிப் பூசினாச் சரி. நல்ல சாமான் இது. இதுல ஒரு பிழையும் இல்ல."

திரும்பிப் பார்த்தாள். அவன் ஃபிரிஜ்ஜைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்... நித்திரை காணாத கண்கள், இவளுடையதைப் போலவே. ஆனால் அடியில் எங்கேயோ ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது. வெளியே மழை கடலை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஒரு நொடிக்கு அந்தச் சத்தம் அவள் காதில் விழவில்லை.

பிறகு இருவருமே அவசர அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஃபிரிஜ்ஜை மாடத்திலிருந்து வெளியே இழுத்து வைத்து, எரிந்துபோன ரிலேயை மாற்றினான். கதவு ரப்பர் இற்றுப்போயிருந்தது. அது கொழும்பிலிருந்து வரவேண்டும், அதுவரை குளிர் முழுதாகப் பிடிக்காது என்றான். இன்சுலின் கதையை அவள் சொன்னாள். அவன் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சுபஹ் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு குட்டி ஃபிரிஜ். பக்கத்தில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்ராஸ்.

"என்ட கடையில இரிக்கிறது. வந்தாக்கள் போகுமட்டும் இங்க கிடக்கட்டும்."

"நான் கேக்கல்லையே..."

"நீங்க கேக்கல்லதான். மாவனெல்ல வாப்பா கேட்டவர்தானே?"

ஏதாவது வெடுக்கென்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகக் கமீலா மாமியிடம் தேத்தண்ணி போடச் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மாமி கோப்பையோடு விசாரணையையும் கொண்டு வந்தாள்.

"கலியாணம் முடிச்சா மகன்?"

"முடிச்ச மாமி, அட்டாளைச்சேனையில. ரெண்டு வருஷம். மறுகா விட்டுப் பிரிஞ்சாச்சி."

"அடடா... ஊடு வளவு?"

"அது அவங்கட ஊடுதானே! ஒரு நாள் கதவால வெளிக்கிட்ட, இந்த டூல்ஸ் பேக்கோட. அவ்வளவுதான் என்ட பங்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற ஸுஹைறாவுக்குத்தான் சுருக்கென்றது. வீடு இருப்பதால் தன்னைப் பாராதவர்களை மட்டும்தான் அவள் கண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய் வீடில்லாமல் திரும்பியவனை இன்றுதான் பார்க்கிறாள்.

அதன் பிறகு அவன் இரண்டு நாளைக்கொரு தடவை வந்தான். காய்ச்சல் பார்க்க வந்தேன் என்பான். ஃபிரிஜ்ஜின் பக்கவாட்டில் புறங்கையை வைப்பான். தலையை ஆட்டுவான். கமீலா மாமி எப்போதும் கூடவே இருப்பாள், வாசல் கதவு திறந்தே கிடக்கும், பேச்சும் ரிலேக்கும் ரப்பருக்கும் அப்பால் போகாது. ஆனாலும்...

"மிஸ், நீங்க நித்திர கொள்ளுறல்லையா?"

"ஃபிரிஜ்ஜுக்கு நல்லமெண்டா போங்களன்."

"ஃபிரிஜ்ஜுக்கு நல்லம். கேட்டது மத்த ஆள."

இப்படித்தான். மாவனெல்லைக் குடும்பம் போய், அடுத்த குடும்பமும் வந்து போனது. மழை விடவில்லை. விரிப்புகள் காயவில்லை. ஆனால் காலையில் எழும்பும்போது உடம்பில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆட்டோச் சத்தம் கேட்டால் முந்தானையைச் சரிசெய்கிற கை... சே, இந்தக் கை எப்போது இந்தப் பழக்கம் பழகியது? அவள் தன்னைத்தானே கடிந்துகொண்டாள். அடுத்த ஆட்டோவுக்கும் கை போனது.

ஒரு வியாழக்கிழமை வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து இறங்கியது அவன் இல்லை. இரண்டு பெண்களோடு ஒரு உம்மா.

"நான் சபியா உம்மா. அப்ராஸுட உம்மா. மகன் உங்களப் பத்திக் கதைச்சவன்... அதுதான் சும்மா பாத்துட்டுப் போவமெண்டு வந்த."

என்னைப் பற்றிக் கதைத்தானா! ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டாள். ஆனால் சபியா உம்மா உட்காரவில்லை. சும்மா பார்ப்பது என்றால் என்னவென்று ஸுஹைறாவுக்குத் தெரியாதா? அறை அறையாகப் போனார்கள். மின்விசிறிகளை எண்ணினார்கள். ஒருத்தி குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள்.

"இந்த ஃபிரிஜ் என்ன, பழைய சாமானா?" என்றாள் மற்றவள்.

"ஊடு உங்கட பேருலதானே மகள்?" என்று சபியா உம்மா கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள்.

அந்த இடத்தில் ஸுஹைறாவுக்குள் ஏதோ அறுந்தது. கோபம்கூட இல்லை. அப்படியொரு களைப்பு. இவனும் இதற்குத்தானா? அந்த இரவல் ஃபிரிஜ், அந்தக் காய்ச்சல் பார்த்தது, நித்திரை விசாரித்தது... எல்லாம் வந்து முடிகிற இடம் இதே பழைய கேள்வியா?

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தை வரைக்கும் அது பொய்யும் இல்லை.

"இந்த ஊடு எனக்கில்ல உம்மா. தங்கச்சிக்கு எழுதப் போறம். எனக்கு ஒண்டும் இல்ல, இந்தக் கையும் காலும்தான். ஊடு வேணுமெண்டா வேற இடம் பாருங்க."

சபியா உம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கமீலா மாமி கொண்டு வந்து கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் வைத்தாள். ஸலாம் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள். கமீலா மாமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள அப்பிடிச் சென்ன? கொஞ்சம் பொறுத்திருந்தா..."

"பொறுத்திருந்தா மட்டும் ஊடு வருமா மாமி?"

அன்றிரவு அழுதாள். ஒளித்துச் சொல்வானேன்? நன்றாகவே அழுதாள். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் போனை எடுத்தாள், வைத்தாள். நாலாம் நாள் அந்தக் குட்டி ஃபிரிஜ்ஜைத் துடைத்து, திருப்பிக் கொடுத்தனுப்ப வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மனம்தான் நகரவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் மழை விட்டது. கறுத்த மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வெயில். அதை விட்டுவிடக்கூடாதென்று கமீலா மாமி முற்றத்தில் விரிப்புகளை ஓடி ஓடிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் வந்தான். தோளில் வளையமாகக் கதவு ரப்பர்.

"ரப்பர் வந்திட்டு," என்றான்.

"போடுங்க. போட்டுட்டு உங்கட ஃபிரிஜ்ஜையும் கொண்டு போங்க."

அவன் குசினிக்குப் போனான். பழைய ரப்பரைக் கழற்றினான். அவள் குசினிக் கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள். போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் போகவில்லை.

"உம்மா இங்க வந்த கத எனக்கு மறுநாள்தான் தெரியும்," என்றான், கதவைப் பார்த்தபடி. "நான் அனுப்பல்ல. அல்லாஹ் அறிய அனுப்பல்ல."

"நான் ஒண்டும் கேக்கல்லையே."

"ஊடு இல்ல எண்டு சென்னீங்களாம்."

"ஓம். இல்ல. அது தெரிஞ்சதும் நீங்களும் நாலு நாள் இல்ல." குரல் உடைந்துவிட்டது. உடையட்டும்... இனி என்ன மறைக்க?

"ரெண்டு நாள் வெள்ளம். ரெண்டு நாள் உம்மாட கோவம். அதுக்கு முதல் முழுக்கப் பயம்."

"என்ன பயம்?"

அவன் எழுந்து திரும்பினான். கையில் கறள் பட்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட நினைவில்லை.

"இன்னொரு ஊட்டுக்குப் போய் மாப்பிளயா இரிக்கிற பயம், ஸுஹைறா. அங்க நான் ஒரு ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிச்ச. இந்த ஊட்டப் பாக்கப் பாக்க எனக்குப் பயம். உங்களப் பாத்தா ஆசை. ரெண்டுக்கும் நடுவுல கிடந்து உத்தரிச்ச. ஊடு இல்லையாம் எண்டு உம்மா வந்து அழக்குள்ள, நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சென்ன. உம்மா எனக்கு அடிக்கத் தும்புத்தடியத் தேடினா."

அவன் முதல் தடவையாகப் பெயர் சொல்லி அழைத்திருந்தான். அது காதில் விழுந்து நெஞ்சுக்கு இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எதை விடுவது என்று தெரியவில்லை.

"உம்மா இன்னும் கோவமா?"

"மூணு நாளா சோறு போட்டா, முகம் பாக்கல்ல. நேத்துத்தான் வாய் திறந்தா. 'அந்தப் புள்ள ஓம் எண்டு செல்லியிருந்தா நாங்க நம்பியிரிப்பம். செல்லல்லடா. வாயில பொய் வரல்ல' எண்டா. மறுகா கொஞ்சம் பொறுத்து, 'அந்தத் தேத்தண்ணிய நான் முழுசாக் குடிச்சிட்டு வந்திரிக்கலாம்' எண்டா. உம்மா சரி எண்டு செல்லுறது அப்பிடித்தான்."

வெளியே விரிப்புகள் காற்றில் படபடத்தன. கமீலா மாமி ஒரு விரிப்பின் பின்னால் நின்றுகொண்டு அதையே நாலாம் தடவையாக நீவிக்கொண்டிருந்தாள். காது முழுக்க இங்கேதான்.

"கடைக்குப் பின்னால வாடகைக்கு ஒரு ஊடு கிடக்கு," என்றான் அவன். "ஒரு அறை, ஒரு குசினி. மழைக்கு ஒரு மூல ஒழுகும். எங்கட சனம் கேட்டாச் சிரிக்கும்... பொம்புளய மாப்பிள கூட்டிட்டுப் போறானாம் எண்டு. நீங்க வருவீங்களா?"

எத்தனை வருடம்! எத்தனை பேருக்கு விரிப்பு விரித்து, எத்தனை பேர் போன பிறகு கதவைப் பூட்டியிருப்பாள். வருவீங்களா என்று அவளை எங்காவது கூப்பிட்டவர் உண்டா? குசினி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடக் களைப்பும் ஒரேயடியாக வந்து இறங்கியது போலிருந்தது. இந்த முறை அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் தோன்றியது.

"எனக்குக் களைச்சுப் போச்சு, அப்ராஸ்," என்றாள். "நல்லாக் களைச்சுப் போச்சு."

"தெரியும். அண்டைக்குக் கதவத் திறந்து ஏசக்குள்ளயே தெரியும்."

"அதுக்குப் பொறகுமா?"

"அதுக்குப் பொறகுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஐந்து வருடம் பூட்டி வைத்த சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான், ஓர் அடிகூட நெருங்காமல்.

"உங்கட உம்மாட்ட நாளைக்கு ஆள் அனுப்பட்டா?"

"அனுப்புங்க. ஆனா ஒண்டு... வாறாக்கள் வாசலுக்குள்ள கால் வைக்க முதலே செல்லிடணும், ஊட்டப் பாக்க வரல்ல எண்டு."

"அப்ப என்னத்தப் பாக்க வந்த எண்டு செல்லச் செல்லுற?"

ஸுஹைறா நிமிர்ந்தாள். அழுது சிவந்த கண்களை அவன் முகத்திலிருந்து இம்முறை எடுக்கவில்லை.

"என்னையப் பாக்க வந்த எண்டு செல்லுங்க. நான் ஓம் எண்டு சென்னதையும் சேத்துச் செல்லுங்க."